கழுத்துக் கோணலுக்குப் பின்னால் எலும்பு: பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளிடம் எதைத் தேட வேண்டும்?

பிறந்த சில வாரங்களில் குழந்தையின் தலை ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தால், பெரும்பாலும் காரணம் தசைதான். காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பு வரை சாய்வாக இறங்கும் ஸ்டெர்னோகிளிடோமாஸ்டாய்டு தசை ஒரு பக்கம் சுருங்கிவிடுகிறது. தலை அந்தப் பக்கம் சாய்கிறது, முகவாய் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. சீக்கிரம் பிசியோதெரபி தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாளுக்குள் சரியாகிவிடும். தொல்லை தொடங்குவதும் இந்த நல்ல செய்தியில்தான். கோணல் கழுத்து என்றாலே தசை என்று முடிவுகட்டி, ஒரு படம்கூட எடுக்காமல் கழுத்தை இழுத்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் குழந்தை எலும்பு மருத்துவப் பிரிவுகளுக்கு வரும் கோணல் கழுத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காரணம் தசை அல்ல. அந்த ஐந்தில் ஒரு பங்கில் பெரிய பகுதி கழுத்தெலும்பின் பிறவிக் கோளாறு.

ஒற்றைச் சிறுநீரகம், இதயத்தில் ஓட்டை, சரியாக உருவாகாத காது, இல்லாத கட்டைவிரல் என்று வேறு ஏதாவது பிறவிக் குறைபாடு ஏற்கெனவே தெரிந்திருக்கும் குழந்தை என்றால் கணக்கு இன்னும் மாறும். அப்படிப்பட்ட குழந்தைக்குக் கழுத்து கோணினால், முதல் பயிற்சிக்கு முன் முதல் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

தொட்டுப் பார்த்தால் தெரிவது

வலப்பக்கத் தசை இறுகினால் தலை வலப்பக்கம் சாயும், முகவாய் இடப்பக்கம் திரும்பும். சாய்ந்த பக்கத்துத் தசையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மெல்லப் பிடித்தால் விறைப்பான நாணாகத் தட்டுப்படும். பிறந்து இரண்டு முதல் நான்கு வாரங்களில் அதற்குள் ஒரு சிறு கட்டியும் தென்படலாம், சில மாதங்களில் அது கரைந்துவிடும்.

எலும்புக் கோளாறில் இந்தப் பொருத்தம் இருக்காது. தலை சாய்ந்திருக்கும், அந்தப் பக்கத் தசையோ மிருதுவாக இருக்கும். சாய்வுக்கு ஏற்ற திருப்பம் இருக்காது, அல்லது சாய்ந்த பக்கமே முகவாயும் திரும்பியிருக்கும். தலையை மெல்லத் திருப்பினால் தசை தடுக்கும்போது ஒரு இழுவை தெரியும். எலும்பு தடுக்கும்போது சட்டென்று நின்றுவிடும். அந்த இடத்தில் மேற்கொண்டு ஒரு துளிகூட அழுத்தக் கூடாது.

கழுத்தின் முதல் முள்ளெலும்பான அட்லஸ், இரண்டாவதான ஆக்சிஸின் மேல் திருகிக்கொண்ட நிலையில் தசைக் கோணலுக்கு நேர்மாறான ஒன்று நடக்கும். சாய்ந்த பக்கத்துத் தசை தளர்ந்திருக்கும். முகவாய் திரும்பியிருக்கும் பக்கத்துத் தசைதான் தலையை நிமிர்த்தப் பார்த்து விறைத்துக்கொள்ளும். எந்தப் பக்கத் தசை இறுகியிருக்கிறது என்பதை மருத்துவக் குறிப்பில் எழுதாமல் 'கோணல் கழுத்து' என்று மட்டும் எழுதுவது பாதித் தகவலைத் தொலைப்பதுதான். தூங்கும்போது சாய்வு மறைந்தால், அல்லது ஒரு கண்ணை மூடினால் தலை நிமிர்ந்தால், கண் தசையின் கோளாறைத் தேட வேண்டும். எலும்புக் கோணல் தூக்கத்திலும் அப்படியேதான் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. எலும்பினால் பல மாதங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் குழந்தைக்கு அந்தப் பக்கத்துத் தசையும் போகப்போகக் குறுகிவிடும். ஆகவே மிருதுவான தசை எலும்பைச் சந்தேகிக்கச் சொல்கிறது. இறுகிய தசையோ எலும்பை விலக்கிவிடுவதில்லை. பயிற்சி தொடங்கி இரண்டு மூன்று மாதமாகியும் அசைவு கூடவில்லை என்றால் 'இன்னும் நன்றாக இழுங்கள்' என்று பெற்றோரிடம் சொல்வதற்கு முன் படம் எடுப்பதே முறை.

ஐந்து வாரங்களில் நடக்கும் பிழை

கருவின் மூன்றாவது வாரக் கடைசியிலிருந்து ஐந்தாவது வாரம் வரை, முதுகுக் கோட்டின் இருபுறமும் சோமைட் எனப்படும் திசுத் துண்டுகள் இணை இணையாக உருவாகின்றன. முள்ளெலும்பு ஒன்று சோமைட் ஒன்றிலிருந்து அப்படியே வருவதில்லை. ஒவ்வொரு துண்டும் குறுக்கே இரண்டாகப் பிரிந்து, மேல் துண்டின் கீழ்ப்பாதியும் கீழ்த்துண்டின் மேல்பாதியும் சேர்ந்து ஒரு முள்ளெலும்பு ஆகிறது. கழுத்தில் நரம்புகள் எட்டு, முள்ளெலும்புகள் ஏழு என்ற முரணுக்கும் விடை இங்கேதான்: முதல் கழுத்துத் துண்டின் மேல்பாதி மண்டையோட்டின் அடிப்பகுதியோடு சேர்ந்துவிடுகிறது.

இந்த வேலையில் பிழை இரண்டு விதமாக வரும். பிரிய வேண்டியவை பிரியாமல் போனால் இரண்டு மூன்று முள்ளெலும்புகள் ஒரே கட்டையாக நிற்கும். உருவாக வேண்டிய பாதி உருவாகாமல் போனால் ஒரு பக்கம் மட்டும் வளர்ந்த அரை முள்ளெலும்பு ஆப்பாக நடுவில் சொருகிக்கொள்ளும். ஒரே கழுத்தில் இரண்டும் சேர்ந்து வருவது சாதாரணம். அதே வாரங்களில்தான் சிறுநீரகம், இதயம், காது, கை ஆகியவையும் உருப்பெறுகின்றன. கழுத்தெலும்பில் குறை கண்டவுடன் வயிற்று ஸ்கேனும் எக்கோவும் செவிப் பரிசோதனையும் கேட்பது அதனால்தான்.

கோணலை உண்டாக்குவதில் ஒட்டிய கட்டையைவிட அரை முள்ளெலும்பு மோசமானது. இருபுறமும் சமமாக ஒட்டியிருந்தால் கழுத்து குட்டையாக, நேராக, விறைப்பாக இருக்கும். அரை முள்ளெலும்புக்கு மேலும் கீழும் வளர்ச்சித் தட்டுகள் உயிரோடு இருந்தால் அந்தப் பக்கம் ஆண்டுதோறும் உயரும், எதிர்ப்பக்கம் பின்தங்கும். எதிர்ப்பக்கத்தில் எலும்புப் பாலம் ஒன்றும் சேர்ந்துவிட்டால் அந்தப் பக்க வளர்ச்சி முழுக்க நின்று, சாய்வு வேகமாகக் கூடும். கழுத்தும் மார்பும் சேரும் இடத்தில் இது வந்தால், மேலே ஈடுகட்டுவதற்குப் போதிய முள்ளெலும்புகள் இல்லாததால் தலை முழுவதுமே உடலின் நடுக்கோட்டை விட்டு ஒரு பக்கம் நகர்ந்து நிற்கும். முதல் சில ஆண்டுகளிலும் பருவமடையும் காலத்திலும் வளர்ச்சி வேகமெடுக்கும். கோணல் கூடுவதும் அப்போதுதான்.

கிளிப்பெல்–ஃபீல்

1912இல் பாரிஸில் மோரிஸ் கிளிப்பெல், ஆந்த்ரே ஃபீல் என்ற இரு மருத்துவர்கள் ஒரு தையற்காரரைப் பற்றி எழுதினார்கள். கழுத்தே இல்லாதவர் போன்ற தோற்றம், தாழ இறங்கிய பின்னந்தலை முடிக்கோடு, மிகக் குறைந்த கழுத்தசைவு. கழுத்து முள்ளெலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருக்கும் நிலைக்கு இவர்கள் பெயர்தான். அந்த மூன்று அடையாளங்களும் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் மூன்றும் சேர்ந்து தென்படுவது பாதிக்கும் குறைவான குழந்தைகளிடம்தான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒட்டியிருந்தால் கழுத்து வெளிப்பார்வைக்கு இயல்பாகவே இருக்கும். வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகத்தான் தெரியவரும். 40,000 பிறப்புகளுக்கு ஒன்று என்று வழக்கமாகச் சொல்லும் கணக்கில் இப்படிப்பட்டவர்கள் விடுபட்டிருக்கிறார்கள்.

1919இல் ஃபீல் தாமே மூன்று வகை பிரித்தார்: கழுத்தும் மேல்மார்பும் சேர்ந்து பெருமளவு ஒட்டியது, ஓரிரு இடங்களில் மட்டும் ஒட்டியது, கழுத்தோடு கீழ்மார்பிலோ இடுப்பிலோ ஒட்டியது. 2006இல் சமார்ட்சிஸும் உடன் பணியாற்றியவர்களும் தந்த பிரிவு நடைமுறைக்கு இன்னும் எளிது: ஒரே இடம், விட்டுவிட்டுப் பல இடங்கள், தொடர்ச்சியாகப் பல இடங்கள். ஜிடிஎஃப்6, ஜிடிஎஃப்3, எம்இஓஎக்ஸ்1 என்ற மரபணுக்களின் மாற்றங்கள் சில குடும்பங்களில் கண்டறியப்பட்டுள்ளன. பெரும்பாலான குழந்தைகளுக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்தக் குறை இருப்பதில்லை.

உடன்வரும் குறைகள்தான் முக்கியம். பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதுகெலும்பில் பக்கவளைவு. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரகக் குறை, அதில் அடிக்கடி காண்பது ஒரு சிறுநீரகம் இல்லாமை. அதே அளவில் செவித்திறன் குறை. இந்தக் கடைசி ஒன்று பேச்சு வரும் வயதுக்கு முன்பே பிடிபட வேண்டும். கழுத்தைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருப்பதில் காது மறந்துபோகிறது. இன்னொன்றை எந்தக் கருவியும் இல்லாமல் பார்க்கலாம். குழந்தையிடம் ஒரு கையை மட்டும் மூடித் திறக்கச் சொன்னால், மற்றக் கையும் தானாக அதையே செய்யும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் இந்தக் கண்ணாடி அசைவு உண்டு. மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகள் எதிர்ப்பக்கத்துக்கு முழுமையாகக் கடக்காததால் வருவது. வயதாக ஆக இது குறையும், ஆனால் சின்ன வயதில் ஷூ நாடா கட்டுவதும் பியானோ பழகுவதும் கடினமாகும்.

தோள்பட்டை எலும்பையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். அது கருவில் கழுத்து உயரத்தில் உருவாகி 9 முதல் 12ஆம் வாரத்துக்குள் மார்புக்கூட்டின் பின்புறம் இறங்க வேண்டியது. இறங்காமல் நின்றுவிடுவது ஸ்ப்ரெங்கல் குறைபாடு. ஒரு தோள் உயர்ந்திருக்கும், அந்தப் பக்கம் கழுத்து குட்டையாகத் தெரியும், கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்க முடியாது. மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரையானவர்களிடம் தோள்பட்டையின் மேல்முனையிலிருந்து கழுத்து முள்ளெலும்பு வரை கூடுதலாக ஓர் எலும்போ குருத்தெலும்போ பாலமாக ஓடும். அந்தப் பாலம் தானே கழுத்தைப் பிடித்துச் சாய்க்கவும் கூடும். முன்புறப் படத்தில் இது பிற எலும்புகளோடு கலந்து மறைந்துவிடும், சி.டி.யில்தான் தெளிவாகத் தெரியும்.

ஆபத்து எங்கே?

ஒட்டிப்போன எலும்பு பார்வைக்கு அச்சமூட்டும். உண்மையில் கழுத்தின் ஆகப் பாதுகாப்பான பகுதி அதுதான். அது அசையாது, ஆகவே நழுவாது. கழுத்தின் வேலையை மிச்சமிருக்கும் மூட்டுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. மிச்சம் எவ்வளவு குறைகிறதோ, அசைகிற மூட்டின் மேல் அவ்வளவு சுமை. ஆண்டுகள் போகப்போக அங்கே தசைநார் தளர்கிறது. அந்த மூட்டு கழுத்தின் மேற்பகுதியில் இருந்தால் தண்டுவடம் நசுங்கும். கீழ்ப்பகுதியில் இருந்தால் வளர்ந்த பிறகு டிஸ்க் தேய்மானமும் வலியும் வரும்.

மூன்று அமைப்புகளைக் கண்டால் உடனே உஷாராக வேண்டும். முதலாவது, அட்லஸ் மண்டையோட்டோடு ஒட்டி, கூடவே இரண்டாம் மூன்றாம் முள்ளெலும்புகளும் ஒட்டியது. மேலும் அசைவில்லை, கீழும் அசைவில்லை, தலையின் அசைவெல்லாம் நடுவில் மாட்டிக்கொண்ட அட்லஸ்–ஆக்சிஸ் மூட்டில் இறங்குகிறது. இரண்டாவது, கழுத்தில் நீளமாக ஒட்டிய கட்டையோடு மண்டையோடு சேரும் இடமும் இயல்பு கெட்டது. மூன்றாவது, இரண்டு ஒட்டிய கட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு திறந்த மூட்டு. இந்த மூன்றிலும் குழந்தைக்கு இப்போது ஒரு தொல்லையும் இல்லை என்பது நிம்மதிக்கு உரியதல்ல. சாதாரணமாக விழுந்து எழுவதே இவர்களுக்குக் கைகால் செயலிழப்பில் முடியலாம்.

அட்லஸ் உயரத்தில் தண்டுவடக் குழாயின் உள்ளளவை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு டென்ஸ் (ஆக்சிஸிலிருந்து மேலே நீளும் எலும்பு முளை), ஒரு பங்கு தண்டுவடம், ஒரு பங்கு காலியிடம். 1968இல் எலும்பு மருத்துவர் ஸ்டீல் சொன்ன இந்தக் கணக்கு இன்றும் நினைவில் வைக்கத்தக்கது. அந்தக் காலியிடம் தீரும்வரை குழந்தை ஓடியாடிக்கொண்டிருக்கும், தீர்ந்த பிறகு சில மில்லிமீட்டர்கூட அதிகம்.

அறிகுறிகளும் கழுத்தைக் காட்டிக்கொண்டு வருவதில்லை. நன்றாக நடந்த குழந்தை அடிக்கடி விழும், படியேற மறுக்கும், சற்று தூரம் நடந்தாலே தூக்கச் சொல்லும். பொத்தான் போடும் கை தடுமாறும். சிறுநீரை அடக்கப் பழகியிருந்த பிள்ளை மறுபடி நனைக்கும். பின்னந்தலை வலி, கழுத்தைத் திருப்பினால் மயக்கம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும் பரம்பரை நோயான மோர்க்கியோ உள்ள பிள்ளைகளிடம் 'சீக்கிரம் களைத்துப்போகிறான்' என்ற புகாரை முழங்கால் வளைவின் கணக்கில் எழுதிவிடுவது பழைய தவறு. அந்தக் களைப்புதான் பல நேரம் தண்டுவடம் நசுங்குவதன் முதல் குரல்.

மண்டையோடும் கழுத்தும் சேரும் இடம்

அட்லஸ் மண்டையோட்டோடு முழுதாகவோ ஒரு பக்கம் மட்டுமோ ஒட்டியிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் தலை சாயும். அட்லஸின் ஒரு பாதியே உருவாகாமல் போவது இன்னும் அரிது. இப்படிப்பட்ட குழந்தைகளை 1986இல் எலும்பு மருத்துவர் துபூசே தனியே தொகுத்து விவரித்தார். பிறந்தபோது சாய்வு கொஞ்சமாக இருக்கும், கழுத்தும் அசையும்; வளர வளர சாய்வு கூடி, இறுகி, முகமும் ஒரு பக்கம் சிறுத்துவிடும். கழுத்து முள்ளெலும்புகள் வழியே மூளைக்கு ஏறும் முள்ளெலும்புத் தமனி இயல்பான வழியில் போகாததும் இவர்களிடம் அடிக்கடி காண்பது, அறுவையில் மருத்துவருக்குப் பெரிய கண்ணி அதுதான்.

டென்ஸ் குட்டையாக இருக்கலாம், முழுக்க இல்லாமலும் போகலாம். மோர்க்கியோ நோயிலும் பிறவி முள்ளெலும்பு–எலும்புமுனை வளர்ச்சிக் கோளாறிலும் இது வழக்கம். டென்ஸின் மேற்பகுதி தனி உருண்டையாகப் பிரிந்து நிற்பது ஓஸ் ஒடாண்டாய்டியம். சிறு குழந்தையின் ஆக்சிஸில் டென்ஸுக்கும் உடல் பகுதிக்கும் நடுவே இயல்பாகவே ஒரு குருத்தெலும்புக் கோடு உண்டு. ஆறு வயது வாக்கில் அது மூடும். அதை முறிவு என்றோ ஓஸ் என்றோ குழப்பிக்கொள்வதுண்டு. ஓஸின் ஓரம் வழுவழுவென்று உருண்டிருக்கும், பிளவு மூட்டு மட்டத்துக்கு மேலே இருக்கும், அட்லஸின் முன்வளைவு வழக்கத்தைவிடத் தடித்திருக்கும்.

அளவெடுக்கும்போது ஏமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு. அட்லஸின் முன்வளைவுக்கும் டென்ஸுக்கும் நடுவிலான இடைவெளி எட்டு வயதுக்கு உட்பட்டவர்களிடம் ஏறக்குறைய 5 மி.மீ. வரை இயல்பு, பெரியவர்களிடம் 3 மி.மீ. ஓஸ் ஒடாண்டாய்டியத்தில் அந்தத் துண்டு அட்லஸோடு சேர்ந்தே முன்னும் பின்னும் நகர்வதால் இடைவெளி மாறவே மாறாது. படம் இயல்பு என்று எழுதிவிடலாம். அங்கே பார்க்க வேண்டியது பின்பக்கம்: தண்டுவடத்துக்கு எஞ்சியிருக்கும் இடம். அது 13 மி.மீ.க்குக் கீழே இறங்கினால் நசுங்கும் அபாயம் உண்மையானது. மோர்க்கியோவில் எலும்பு மட்டுமல்ல, டென்ஸைச் சுற்றித் தடித்த மென்திசுவும் இடத்தை அடைத்துக்கொள்வதால் எக்ஸ்ரே அளவைவிட எம்.ஆர்.ஐ.யை நம்புவதே சரி.

டென்ஸ் மேலேறி மண்டையோட்டின் பெருந்துளைக்குள் நுழைவது இன்னொரு வகை. கடின மேல்வாயின் பின்விளிம்பிலிருந்து பின்மண்டையின் அடிமட்டப் புள்ளிக்கு இழுக்கும் மெக்ரெகர் கோட்டுக்கு மேல் டென்ஸின் நுனி 4.5 மி.மீ.க்கு மேல் ஏறினால் இயல்பல்ல. பெருந்துளையின் வாயை மூடும் மெக்ரே கோட்டை அது தாண்டவே கூடாது.

டவுன் நோய்க்குறியில் முக்கியச் சிக்கல் தசைநார்த் தளர்ச்சி. எக்ஸ்ரேயில் 10 முதல் 20 விழுக்காட்டினரிடம் அட்லஸ்–ஆக்சிஸ் தளர்ச்சி தெரியும்; தண்டுவட அறிகுறி வருவது 1 முதல் 2 விழுக்காட்டினருக்குத்தான். அறிகுறி இல்லாத குழந்தைகள் எல்லோருக்கும் வழக்கமாகப் படம் எடுப்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011 வழிகாட்டுதலில் கைவிட்டது. படத்தைவிட நடையும் கைகளும் முதலில் சொல்லிவிடும் என்பதே அதன் அடிப்படை. அந்த முடிவு நியாயமானது, ஆனால் பெற்றோருக்கு அறிகுறிகளைத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் மட்டும்.

வேறு நோய்க்குறிகள், வேறு வளைவுகள்

மண்டையோட்டின் இணைப்புகள் சீக்கிரமே மூடிவிடும் நோய்க்குறிகளில், ஏபெர்ட்டில் ஐந்தாவது–ஆறாவது முள்ளெலும்புகளும், குரூசோனில் இரண்டாவது–மூன்றாவதும் ஒட்டுவது அதிகம். கோல்டன்ஹாரில் காதும் தாடையும் ஒரு பக்கம் சிறுத்திருப்பதோடு அரை முள்ளெலும்புகள் வரும். முகத்தின் கோணலும் கழுத்தின் கோணலும் கலந்து, எது எதனால் என்று பிரிப்பது எளிதல்ல. 22ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு இல்லாத 22கியூ11.2 குறைபாட்டில் அட்லஸின் பின்வளைவு மூடாமலும் இரண்டாவது–மூன்றாவது ஒட்டியும் இருக்கும்.

லார்சன் நோய்க்குறியைத் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே வெளியே எதுவும் தெரியாது. முழங்கால், இடுப்பு, முழங்கை விலகிய குழந்தையின் கால்களிலேயே எல்லோர் கண்ணும் இருக்கும். கழுத்தின் நடு முள்ளெலும்புகள் சிறுத்து, கழுத்து முன்னோக்கி மடங்கிய கூனாக மாறியிருக்கும். குழந்தை துவண்டிருப்பதைத் தசைத்தளர்ச்சி என்று விட்டுவிட்டு, கால் அறுவைக்காக மயக்க மருந்து கொடுக்கும்போது விபரீதம் நேரும். முதல் மாதங்களிலேயே பக்கவாட்டுப் படம் ஒன்று எடுத்துவிட்டால் போதும். சின்ன வயதிலேயே பின்புறம் மட்டும் எலும்பை இணைத்துவிட்டால், முன்புற வளர்ச்சி தொடர்ந்து கூனைத் தானே நிமிர்த்தவும் வாய்ப்புண்டு. டயஸ்ட்ரோஃபிக் வளர்ச்சிக் கோளாறிலும் அதே போன்ற கூன் வரும், ஆனால் அங்கே பல குழந்தைகளுக்கு வளர வளரத் தானாகவே நிமிர்ந்துவிடும். நரம்புக் குறை இல்லாதவரை கத்தியை எடுக்க அவசரம் வேண்டாம்.

அடுத்தது மிக அரிது, ஆனால் தவறவிட்டால் திருத்த முடியாதது. கழுத்து விறைத்த குழந்தையின் கால் பெருவிரலைப் பாருங்கள். இரண்டு பெருவிரல்களும் குட்டையாக, உள்பக்கம் மடிந்து இருந்தால், தசைகள் எலும்பாக மாறும் எஃப்ஓபி நோயாக இருக்கலாம். ஏசிவிஆர்1 மரபணுவின் கோளாறு. கழுத்துப் படத்தில் முள்ளெலும்புகள் உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும், பின்புறச் சிறு மூட்டுகள் ஒட்டியிருக்கும்; கிளிப்பெல்–ஃபீல் என்றே பெயரிட்டுவிடத் தோன்றும். இந்த நோயில் பயாப்ஸியோ, தசையில் போடும் ஊசியோ, கழுத்தை இழுக்கும் பயிற்சியோ அந்த இடத்தில் புது எலும்பை வளர்த்துவிடும். மரபணுச் சோதனை முடியும்வரை எதையும் குத்தக் கூடாது, வெட்டக் கூடாது.

படம் எடுப்பதும் படிப்பதும்

முன்புறமும் பக்கவாட்டும் எடுத்த சாதாரண எக்ஸ்ரேதான் தொடக்கம். சாய்ந்த தலையில் தாடையும் பின்மண்டையும் மேல்கழுத்தை மறைக்கும். ஒரு யுக்தி: கழுத்தை நேராக வைக்கப் பார்க்காமல், மண்டையோடு சரியான பக்கவாட்டில் வருமாறு வைத்து எடுத்தால் அட்லஸ் தெரியும். ஒட்டிய முள்ளெலும்புகளின் முன்விளிம்பு நடுவில் உள்வாங்கி இடை சிறுத்துத் தெரியும், டிஸ்க் மெலிந்திருக்கும். கைக்குழந்தையிடம் ஒட்டிய பகுதி இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால் டிஸ்க் இடைவெளி இயல்பாகவே தெரியும். முதல் ஆண்டில் எடுத்த படத்தில் ஒட்டல் தெரியவில்லை என்பதை வைத்து இல்லை என்று எழுதக் கூடாது. பின்வளைவுகளின் ஒட்டல்தான் முதலில் புலப்படும்.

இதற்கு எதிரான தவறும் உண்டு. எட்டு வயது வரை இரண்டாவது முள்ளெலும்பு மூன்றாவதின் மேல் 4 மி.மீ. வரை முன்னால் நழுவியதுபோல் தெரிவது இயல்பு. முதல், மூன்றாவது முள்ளெலும்புகளின் பின்வளைவு முன்விளிம்புகளை இணைத்துக் கோடு இழுத்தால் இரண்டாவதின் விளிம்பு அதிலிருந்து 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இருந்தால் அது நழுவல் அல்ல.

குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் படங்களைக் குழந்தை தானே அசைத்து எடுக்க வேண்டும். தொழில்நுட்பரோ பெற்றோரோ தலையைப் பிடித்து மடக்கக் கூடாது. சொன்னதைச் செய்யும் வயதில்லாத குழந்தைக்கு இதைத் தள்ளிப்போட்டு, முதலில் சாதாரணப் படத்தையும் எம்.ஆர்.ஐ.யையும் பார்ப்பது நல்லது. முப்பரிமாண சி.டி. எலும்பின் வரைபடத்தைத் தரும், கதிர்வீச்சும் தரும். அறுவை திட்டமிடும்போது தமனியின் பாதையையும் சேர்த்து ஒரே முறையாக எடுப்பது சிக்கனம். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கழுத்தோடு நிறுத்தாமல் முதுகெலும்பு முழுவதையும் எடுக்கச் சொல்ல வேண்டும். மூளையின் அடிப்பகுதி கீழிறங்கும் கியாரி கோளாறு, தண்டுவடத்துக்குள் நீர் தேங்கிய குழி, கீழே கட்டுண்ட தண்டுவடம் ஆகியவை உடன் இருக்கலாம்.

என்ன செய்ய முடியும், என்ன முடியாது

பெல்ட்டும் காலரும் எலும்புக் கோணலை நிமிர்த்தாது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பெற்றோரின் பணமும் குழந்தையின் பொறுமையும் மிஞ்சும். குட்டைக் கழுத்தை எந்த அறுவையும் நீட்டாது. தோள் வரை இழுத்திருக்கும் தோல் மடிப்பைச் சரிசெய்தால் கழுத்து நீண்டதுபோல் தெரியும், அவ்வளவுதான். ஸ்ப்ரெங்கல் தோள்பட்டையை மூன்று முதல் எட்டு வயதுக்குள் இறக்கலாம். அதற்குப் பிறகு இறக்கினால் காறை எலும்புக்கும் விலா எலும்புக்கும் நடுவே கைக்குப் போகும் நரம்புகள் நசுங்கும் அபாயம் கூடும்.

அறுவையின் நோக்கம் இரண்டு: தளர்ந்த மூட்டை நிலைநிறுத்துவது, கூடிக்கொண்டே போகும் சாய்வை நிறுத்துவது. வளைவு சிறியதாக இருக்கும்போதே அந்த இடத்தை இணைத்துவிடுவது, பெரியதான பிறகு நிமிர்த்த முயல்வதைவிட எவ்வளவோ பாதுகாப்பானது. அரை முள்ளெலும்பை வெட்டி எடுக்க வேண்டியிருந்தால், முள்ளெலும்புத் தமனி வழக்கமாக ஆறாவது முள்ளெலும்பில் நுழைந்து மேலேறுவதால் அதற்கு மேலுள்ள ஒவ்வொரு இடமும் ஆபத்தான வெட்டு.

இறுகிய கோணலை முதலில், மண்டையோட்டில் ஊசிகளால் பொருத்தும் ஹாலோ வளையத்தால் விழிப்பு நிலையிலேயே மெல்ல இழுத்துப் பார்ப்பதுண்டு. பெரியவர்களுக்கு நான்கு ஊசிகளை 8 அங்குல-பவுண்டு முறுக்கத்தில் இறுக்குவார்கள். சிறு குழந்தையின் மண்டையோடு மெல்லியது என்பதால் 8 முதல் 12 ஊசிகள் வைத்து, ஒவ்வொன்றையும் 2 முதல் 4 அங்குல-பவுண்டில் நிறுத்துவார்கள். எடை 1 கிலோ அளவில் தொடங்கி அரை அரைக் கிலோவாகக் கூடும். ஒவ்வொரு முறை கூட்டும்போதும் குழந்தையிடம் விரலைப் பின்தொடர்ந்து வெளிப்பக்கம் பார்க்கச் சொல்ல வேண்டும், நாக்கை நீட்டச் சொல்ல வேண்டும், கைகளை இறுக்கச் சொல்ல வேண்டும். கண் வெளியே திரும்பாவிட்டால் ஆறாவது மூளை நரம்பும், நாக்கு ஒரு பக்கம் கோணினால் பன்னிரண்டாவது நரம்பும் இழுபடுகிறது. உடனே எடையைக் குறைக்க வேண்டும்.

இணைப்புக்கு விலை உண்டு. கழுத்தின் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி அட்லஸ்–ஆக்சிஸ் மூட்டில் நடப்பது. தலையை மேலும் கீழும் ஆட்டும் அசைவில் ஏறக்குறைய பாதி மண்டையோடு–அட்லஸ் மூட்டில். ஏற்கெனவே கீழே ஒட்டிய கழுத்தில் இவற்றையும் இணைத்தால் குழந்தை தோளோடு சேர்த்துத்தான் திரும்பிப் பார்க்கும். ஆகவே அறிகுறி இல்லாத, அளவுகள் இயல்பான கழுத்தை முன்னெச்சரிக்கையாக இணைப்பது மிகை. எலும்பொட்டுக்குக் குழந்தையின் இடுப்பிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுத்த சொந்த எலும்பே நன்றாகப் பிடிக்கிறது. பதப்படுத்திய பிறர் எலும்பு, சிறுவர் கழுத்தில் பிடிக்காமல் கரைந்துபோவது அதிகம்.

இந்தக் குழந்தைகளுக்குக் கழுத்துக்குச் சம்பந்தமில்லாத அறுவைகள்தான் எண்ணிக்கையில் அதிகம்: காது, அடிநாக்குச் சதை (டான்சில்), இதயம், கால். மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுக்குழாய் போடக் கழுத்தைப் பின்னால் வளைப்பதும், காது அறுவைக்குத் தலையை முழுக்கத் திருப்பி வைப்பதும் நசுக்கும் அசைவுகள். கழுத்தை நடுநிலையில் வைத்து, வளையும் கேமராக் குழாய் அல்லது வீடியோ லாரிங்கோஸ்கோப் வழியே குழாயை இறக்கலாம். இதற்கான தயாரிப்பு முந்தின நாளே வேண்டும், மேசையில் படுக்கவைத்த பிறகு அல்ல. கழுத்துப் படமும் அதன் அறிக்கையும் எப்போதும் பெற்றோர் கையில் இருப்பது இதனால்தான்.

விளையாட்டில் நீச்சலும் சைக்கிளும் பெரும்பாலோருக்குத் தடையில்லை. தலைகீழாகக் குதிப்பது, குட்டிக்கரணம், டிராம்போலின், மல்யுத்தம், மோதி விளையாடும் ஆட்டங்கள் ஆகியவை மேலே சொன்ன மூன்று அமைப்புகள் உள்ளவர்களுக்கும் அட்லஸ்–ஆக்சிஸ் தளர்ச்சி உள்ளவர்களுக்கும் கூடாது. கழுத்தின் கீழ்ப்பகுதியில் ஒரே இடத்தில் ஒட்டியிருந்து மற்ற மூட்டுகள் இயல்பாக இருக்கும் குழந்தையை இதே பட்டியலில் அடைத்து வகுப்பறையில் உட்காரவைப்பது அநியாயம்.

மேல்கழுத்தில் குறையுள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை நரம்புப் பரிசோதனையும், தானே குனிந்து நிமிர்ந்து காட்டும் வயது வந்ததும் அசைவுப் படங்களும் தேவை. முதல் படத்தில் இடம் போதுமானதாக இருந்தது என்பது அடுத்த படத்துக்குச் செல்லுபடியாகாது. அந்த மூட்டு இடையில் ஓராண்டு கூடுதலாக உழைத்திருக்கிறது. சரிபார்க்கும்போது சட்டையைக் கழற்றி முதுகையும் பார்க்க வேண்டும். கழுத்துக்குக் கீழே தனியாகத் தொடங்கும் பக்கவளைவு வளர்ச்சி நிற்கும்வரை எப்போது வேண்டுமானாலும் வேகமெடுக்கலாம்.